தூசியும் ஒளியும்

இருண்ட அறையினுள் சன்னல் இடுக்கின் வழியே கதிரொளி நுழையும்போது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாத தூசிகள் மின்னுவதைக் காணலாம். அத்தகைய தூசிகளோடு பல்லாண்டுகள் போராடி, ஒளியின் புதியதோர் இயல்பைக் கண்டறிந்தவர் சர் சி. வி. இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவல் முடிந்த நேரங்களில் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். 1917இல் அப்பதவியைத் துறந்து பேராசிரியரானார். 1921இல் மேற்கொண்ட கப்பற்பயணத்தின்போது, கடலின் நீலநிறம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம் எனக் கருதினார்.

நீர்மங்களில் ஒளிச்சிதறலை ஆராய்வது எளிதன்று. காற்றிலிருந்தும், குடுவையின் சுவரிலிருந்தும், நீர்மத்திலிருந்துமே தூசி வந்து கலக்கும். அது மூலக்கூறுகளைவிட மிகுதியாக ஒளியைச் சிதறடித்து ஆய்வைக் கெடுத்துவிடும். ஆதலால், காற்று நீக்கப்பட்ட மூடிய கலத்தில் நீர்மத்தை ஆவியாக்கினர். ஆவி குளிர்ந்து தூய நீர்மமாயிற்று, தூசி பின்தங்கியது. இதனைத் திரும்பத் திரும்பச் செய்தனர்.

1923இல் இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியினூடே வேறு நிறமுடைய மங்கலான ஒளி ஒன்றையும் கண்டார். நீர்மத்தில் உள்ள மாசே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. ஆயினும், மேலும் மேலும் தூய்மை செய்தும் அவ்வொளி மறையவில்லை. மாசு அகன்ற பின்னும் எஞ்சி நிற்பது மாசாகுமா? இராமன் இவ்வினாவைக் கைவிடவில்லை. கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ஏறத்தாழ 60 நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தார். யாவற்றிலும் அவ்வொளி தோன்றியது. மூலக்கூறுகளால் சிதறும்போது ஒளியின் சிறுபகுதி நிறம் மாறுகிறது என்னும் உண்மை 1928 பிப்ரவரியில் உறுதியாயிற்று. இதுவே இராமன் விளைவு. இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். பிப்ரவரி 28ஆம் நாளை நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1933இல் இராமன் பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1948இல் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அவ்வறிவியல் கழக வளாகத்தில், நுண்ணிய மின்னணுக் கருவிகளை உருவாக்கும் தூய்மை அறை ஒன்று உள்ளது. அத்தகைய அறைகளில் மாசினைப் பெரிதும் கொண்டு வருபவர் மனிதரே. தோல்துகள், முடி, ஆடையின் இழை ஆகியன உதிர்ந்து கருவியைப் பாழாக்கும். எனவே, உடல் முழுதும் மூடும் ஆடையும், தலையுறையும், முகக்கவசமும், கையுறையும் அணிந்தே உள்ளே செல்வர். உள்வரும் காற்றும் வடிகட்டப்படும்.

1970 நவம்பர் 21ஆம் நாள் இராமன் பெங்களூரில் மறைந்தார். மாசினை நீக்கும் பொறுமையும், மாசு என்று எளிதில் ஒதுக்கிவிடாத துணிவும் ஒருங்கே அமைந்ததனாலேயே அவர் மெய்ம்மையைக் கண்டார்.

சொற்பொருள்
நீர்மம் – திரவம்
கலம் – பாத்திரம்
மெய்ம்மை – உண்மை

வினாக்கள்
1. நீர்மத்தில் தூசி எவ்வெவற்றிலிருந்து கலந்தது?
2. மங்கலான ஒளிக்கு மாசு காரணமன்று என்பது எவ்வாறு தெளிவாயிற்று?
3. தூய்மை அறைக்குள் செல்வோர் உடல் முழுதும் மூடிக்கொள்வது ஏன்?