இடம்பெயர்ந்த அலகு: ஹேர்மன் முல்லர்

உயர்தர வகுப்பில் பழ ஈயின் செங்கண்ணையும் வெண்கண்ணையும் வைத்துக் கணக்குச் செய்தவர்கள் நம்மில் பலர். அந்த ஈக்களோடு வாழ்நாளைக் கழித்தவர் ஹேர்மன் முல்லர்.

1890இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், கொலம்பியாவில் மோர்கனின் ஆய்வுகூடத்தில் பயின்றார். எக்ஸ் கதிர் பரம்பரை அலகுகளில் விகாரத்தை உண்டாக்கும் என்பதை 1927இல் அறிவித்தார். 1930இல், கதிர் பட்ட ஈக்களின் வழித்தோன்றல்கள் சிலவற்றில் கண்கள் சிவப்பும் வெள்ளையுமாய்த் திட்டுத்திட்டாக இருப்பதை விவரித்தார். நிற அலகு பழுதாகவில்லை. நிறமூர்த்தம் முறிந்து, அலகு இறுகச் சுருண்ட பகுதிக்கு அயலில் ஒட்டியதால் சில கலங்களில் அடங்கிப்போனது என்பது பின்னர் தெளிவாயிற்று. பழைய அயலுக்கு மீண்டால் அது மறுபடி தொழிற்படும் என்பதையும் பிறர் காட்டினர்.

முல்லரும் இடம்பெயர்ந்தவரே. 1932இல் பேர்லின், பின் லெனின்கிராட், மொஸ்கோ. அங்கே மரபியலுக்கு எதிர்ப்பு வலுக்க, 1937இல் வெளியேறி எடின்பரோ சென்றார். 1940இல் அமெரிக்கா திரும்பினார். 1946இல் நோபல் பரிசு பெற்றார். தேவையற்ற கதிர்ப்படங்களைத் தவிர்க்குமாறு எம்போன்ற வைத்தியர்களை இறுதிவரை எச்சரித்தார். 1967இல் மறைந்தார்.

1995இல் நாவற்குழிப் பாலம் கடந்த வகுப்பு எங்களுடையது. கெட்டிக்காரிகள் சிலர் புதிய இடத்தில் வாயே திறக்கவில்லை. மந்தம் என்று எண்ணியவர்களும் உண்டு. பள்ளிக்கு மீண்டபின் அவர்களே முதல் வரிசையில் இருந்தார்கள். மீளாதவர்களின் கைகளுக்கும் இம்மலர் போய்ச் சேரட்டும்.