உதிர்ந்த அணுவைப் படித்தவர்

கன்னத்தின் உட்புறத்தைச் சிறு பிரஷ்ஷால் சுரண்டி, வரும் உயிரணுக்களில் வாய்ப் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடுகிறார்கள் அல்லவா? அதற்கு வழி திறந்தவர் டாக்டர் ஜார்ஜ் பாபநிகொலாவு. 1883இல் கிரேக்க நாட்டின் கிமி என்ற ஊரில் பிறந்தார். 1913இல் மனைவியுடன் நியூயார்க் வந்து, கடையில் கம்பளம் விற்றார். டாக்டருக்கு அந்த நிலை! மனைவி அங்கேயே பொத்தான் தைத்தார்.

பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. கருப்பை வாயிலிருந்து உதிரும் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அணுக்கள் வேண்டுமே! அவற்றைப் பல ஆண்டுகள் தந்தவர் மனைவிதான். அந்த அம்மையாரை நாம் மறக்கலாகாது. புற்றுநோய் அணுக்களின் உட்கரு பெருத்து, உருமாறித் தெரிந்தது. 1928இல் இதை அறிவித்தபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. டாக்டர் டிராட்டுடன் 1943இல் நூல் வெளியிட்ட பிறகே அதற்கு மதிப்பு வந்தது. பதினைந்து ஆண்டுகள்! நமக்கோ ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே அழுகை வந்துவிடுகிறது.

அவர் 1962இல் காலமானார். அவர் காட்டிய முறை வாய்க்கும் உதவுகிறது. அணுக்களில் சந்தேகம் எழுந்தால் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள். கத்தி என்றாலே பயந்து, புகையிலை அடக்கிய கன்னத்தில் ஆறாத வெள்ளைத் திட்டை மறைக்கும் நம் பாட்டிமாரும் இந்தப் பிரஷ்ஷுக்கு வாய் திறப்பார்கள்.