அஞ்சற்காரர் மாசிமோ திரோய்சி

கவிதையையே கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று 1994ஆம் ஆண்டில் வெளிவந்த 'இல் போஸ்தினோ' என்னும் இத்தாலியப் படம். அஞ்சற்காரர் என்பது அத்தலைப்பின் பொருள். நாடு கடந்து வாழும் கவிஞர் பாப்லோ நெருடாவுக்கும், அவருக்கு மட்டுமே கடிதம் கொண்டுசெல்லும் மாரியோ என்ற எளிய மனிதனுக்கும் இடையே அரும்பும் நட்பே கதை. கவிதை அன்பர்கள் பலரும் இதனை நெருடாவின் படமாகவே எண்ணுகின்றனர். என் மதிப்பீட்டில் இது மாரியோவாக நடித்த மாசிமோ திரோய்சியின் படம். அவருடைய வாழ்வை அறிந்தோர்க்கு அது விளங்கும்.

நேப்பிள்ஸ் நகரை அடுத்து, வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் அமைந்த சான் ஜோர்ஜோ அ கிரெமானோ என்னும் ஊரில் 1953 பிப்ரவரி 19ஆம் நாள் திரோய்சி பிறந்தார். தந்தை இரயில் எஞ்சின் ஓட்டுநர். பாட்டன், பாட்டி, நெருங்கிய உறவினர் என ஒரு கூட்டமே அவ்வீட்டில் வாழ்ந்தது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைச் சிதைத்துவிட்டது. 1976இல், இருபத்து மூன்றாம் வயதில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அச்செலவுக்கு நண்பர்களும் ஊராரும் பொருள் திரட்டினர்.

லெல்லோ அரேனா, என்சோ தெகாரோ ஆகிய நண்பர்களோடு அவர் நடத்திய நகைச்சுவைக் குழுவின் பெயர் 'லா ஸ்மோர்பியா'. கனவுக்குப் பலன் கண்டு குலுக்குச்சீட்டுக்கு எண் தேர்ந்து தரும் நேப்பிள்ஸ் மக்களின் நூலுக்கும் அதுவே பெயர். மேடையிலும், பின்னர்த் தொலைக்காட்சியிலும் அம்மூவர் புகழ்பெற்றனர். திரோய்சியின் பேச்சு அலாதியானது. நேப்பிள்ஸ் வட்டார வழக்கு. அதிலும் திக்கல், தயக்கம், பாதியில் நின்றுவிடும் வாக்கியம். பிற பகுதி இத்தாலியர் அதனைப் பின்தொடரத் திணறினர், எனினும் சிரித்தனர். சொல் வராமல் தவிப்பதையே ஒரு நடிப்பு மொழியாக்கியவர் அவர்.

1981இல் அவரே எழுதி இயக்கி நடித்த முதற்படம் 'மூன்றிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்' என்னும் பொருள்படும் தலைப்புடையது. வாழ்வில் மூன்று காரியங்களேனும் உருப்படியாக அமைந்திருக்கையில், எதற்குச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நாயகனின் வாதம். வெளியூர் செல்லும் அவனைக் காண்போரெல்லாம் பிழைப்புத் தேடி வந்தவனோ என வினவுகின்றனர். நேப்பிள்ஸ்காரன் ஊர் பார்க்கவும் போகலாம் என்பதை எவரும் நம்புவதில்லை. தென்னித்தாலியரின் நெடுநாள் வடுவை இவ்வளவு மெல்லத் தொட்டுக்காட்டியவர் வேறொருவர் உண்டா என்று தெரியவில்லை. படம் பெரும் வெற்றி பெற்றது. 1989இல், எத்தோரே ஸ்கோலாவின் படமொன்றில் மார்செல்லோ மாஸ்திரோயான்னியுடன் நடித்தமைக்காக, வெனிஸ் விழாவின் சிறந்த நடிகர் விருதை அவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர்.

சிலி நாட்டு எழுத்தாளர் அந்தோனியோ ஸ்கார்மேத்தாவின் நாவல் ஒன்று அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அதனைப் படமாக்க முனைந்தவர் அவரே. தம் படங்கள் பலவற்றுக்கும் உடன் எழுதிய ஆன்னா பாவிஞ்ஞானோ, இயக்குநர் மைக்கேல் ராட்போர்டு முதலியோருடன் திரைக்கதையிலும் பங்குகொண்டார். நாவலின் களம் சிலியின் கடற்கரை. காலம் 1973ஆம் ஆண்டு இராணுவக் கவிழ்ப்பில் முடிவது. படமோ கதையை 1950களின் இத்தாலியத் தீவொன்றுக்குக் கொணர்ந்தது. இம்மாற்றம் ஆதாரமற்றதன்று: நெருடா 1952இல் காப்ரித் தீவில் தங்கியிருந்தார், காதற் கவிதைத் தொகுதி ஒன்றைத் தம் பெயரின்றி நேப்பிள்ஸில் அவ்வாண்டே வெளியிட்டார்.

இதனினும் பெரிய மாற்றம் முடிவில் உள்ளது. நாவலில் முதலில் மறைபவர் கவிஞர். அதன்பின் அஞ்சற்காரனைக் காரில் வந்தோர் அழைத்துச் செல்கின்றனர். படத்தில் மறைபவன் அஞ்சற்காரன். தொழிலாளர் கூட்டமொன்றில் தன் கவிதையைப் படிக்கச் சென்றவன், அதைப் படிக்காமலே கலவரத்தில் மாள்கிறான். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும் கவிஞர் கடற்கரையில் தனியே நடக்கிறார்.

படப்பிடிப்புக்கு முன்னரே திரோய்சியின் இதயம் மிகவும் நலிந்திருந்தது. மாற்று இதயம் பொருத்த வேண்டிய நிலை. படம் முடியட்டும் என்று அவர் அதைத் தள்ளிவைத்தார். நாளொன்றுக்குச் சிறிது நேரமே நடிக்க இயன்றது. மிதிவண்டி மிதிக்கும் காட்சிகளில் மாற்று நடிகர் ஒருவர் உதவினார். 1994 சூன் மாதத் தொடக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தது. அடுத்த நாள், சூன் 4 அன்று, உரோமாபுரியை அடுத்த ஆஸ்தியாவில் சகோதரியின் இல்லத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 41.

இதனைக் கலைக்காகச் செய்த உயிர்த்தியாகம் என்று போற்றுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சாக விரும்பியவரல்லர்; சிகிச்சைக்கு இன்னும் காலமுண்டு என நம்பியவர். கலைஞரின் அகால மரணத்தை அணிகலனாக்கிப் பார்ப்பது நம்மிடமுள்ள பழக்கம். அதனால் நடிப்பின் நுட்பம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உருவகம் என்றால் என்னவென்று மாரியோ கேட்கும் காட்சியை நோக்குக. உடல் அசைவதே இல்லை. கண்ணும் தாழ்ந்த குரலும் மட்டுமே தொழிற்படுகின்றன. முன்னர் நகைப்புக்கு உதவிய அதே தயக்கம் இங்கே, சொல்லுக்கு முன் நிற்கும் ஒருவனின் பணிவாகிறது. நோய் உடலைக் குறுக்கியது உண்மை. குறுகிய உடலுக்குள் எதை நிறுத்தினார் என்பது இருபது ஆண்டுப் பயிற்சி.

நெருடாவுக்கு அனுப்புவதற்காக மாரியோ தீவின் ஒலிகளைப் பதிவு செய்யும் காட்சி மற்றொன்று. சிற்றலை, பேரலை, பாறையில் மோதும் காற்று, தந்தையின் வலை, தேவாலய மணி. இறுதியில், மனைவியின் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பு. அக்காட்சியில் ஒலிவாங்கியை ஏந்தி நிற்பவர் யாரென்று அறிந்தபின் என்னால் அதனை வெறும் கதையாகப் பார்க்க இயலவில்லை.

1996ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகருக்கான பட்டியலில், மறைவுக்குப் பின், அவர் பெயர் இடம்பெற்றது. விருது கிட்டியது லூயிஸ் பாக்கலோவின் இசைக்கு மட்டுமே. படப்பிடிப்பு நடந்த புரோசிதாத் தீவில், கரும்மணல் விரிந்த கடற்கரை ஒன்று உண்டு. அதற்கு வேறு பழம்பெயர் இருந்தும், இன்று அஞ்சற்காரர் கடற்கரை என்றே வழங்குகிறது.