பச்சையப்ப முதலியாரும் அறநிதியின் காவலும்

பொருளீட்டல் அரிது, ஈட்டிய பொருளை அறத்தின்பாற் செலுத்த மனங்கொள்ளுதல் அதனினும் அரிது, செலுத்திய பொருள், கொடுத்தோன் மறைந்த பின்னரும் நெறி வழுவாவண்ணம் காத்தல் யாவற்றினும் அரிது. கலாசாலைகளை நிறுவுவோர் முதலிரண்டையும் போற்றி, மூன்றாவதனைப் பெரிதும் மறந்துவிடுகின்றனர். அம்மறதியால் விளைவதை உணர்த்துவதொரு சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார் இவர் பிறக்குமுன்னரே தேகவியோகமாயினர். தாயார் பூச்சியம்மாள் வறுமையுற்று, சென்னையிலே பவுனி நாராயணபிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவையடைந்தார். பிள்ளையவர்கள் சிறுவரைத் தம் மகவெனப் பேணி, ஆங்கிலமும் வணிகமுறையும் பயில்வித்தார். இளமையிலேயே துபாஷித் தொழிலிற் புகுந்த முதலியார், பின்னர்த் தஞ்சை நாட்டிலே அரசிறை வாங்குதலிலும், அரசர்க்குக் கடன் கொடுத்தலிலும் ஈடுபட்டுப் பெருஞ்செல்வராயினர். சிவபத்தியிற் சிறந்த அவர் செய்த திருப்பணிகளுள் சிதம்பரத்துக் கீழைக்கோபுரத் திருப்பணி யாவரும் அறிந்ததொன்று.

1794-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, நோய்வாய்ப்பட்டுத் தளர்ந்த நிலையில், அவர் மரணசாசனம் ஒன்று எழுதுவித்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் வராகன் அளவினதாகிய செல்வம் சிவாலய வழிபாட்டிற்கும் ஏனைய தருமங்களுக்கும் அதனால் உரியதாயிற்று. சாசனம் எழுதிய சில நாளிலேயே, அம்மாதத்திறுதியில், நாற்பது வயதளவில் அவர் திருவையாற்றிற் சிவபதமடைந்தார்.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கற்பாலது. கொடுத்தவர் மனம் தூயது. கொடுத்த பொருளும் பெரிது. ஆயினும் அதனைத் தலைமுறை தோறும் காத்தற்குரிய சபையொன்று அமைந்திலது. ஆண்டுதோறும் கணக்கு வாங்குவாரும் இலர். ஆதலின் வழக்குகள் மூண்டன, தருமங்கள் தடைப்பட்டன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அந்நிதி தன் பயனை நிறையத் தந்திலது. முடிவிலே சென்னைச் சுப்பிரீம் கோர்ட்டார் அதனைக் கைக்கொண்டு, அறத்திற்கென ஒதுக்கினர். அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பவர் இம்முயற்சியிற் பெரிதும் உழைத்தனர். சமய தருமங்களுக்கு வேண்டிய முதலைத் தனியே நிறுத்தி, எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடவும், இந்துக்களாகிய தருமகர்த்தர் பலர் கூடிய சபை ஆளவும் ஏற்பாடாயிற்று.

அவ்வாற்றான் 1842-ஆம் ஆண்டில் வித்தியாசாலை தொடங்கியது. 1850-இல் அதற்குரிய பெரு மண்டபம் திறக்கப்பட்டது. 1889-இல் அது முதற்றரக் கலாசாலையாயிற்று. முதலியார் பெயரால் இன்றும் விளங்கும் பச்சையப்பன் கல்லூரி அதுவே.

இச்சரிதத்தால் நாம் அறியத்தக்கன மூன்று. முதலை அழியாது நிறுத்தி, அதன் வருவாயையே செலவிடல் வேண்டும். ஒருவர் கையிலன்றிப் பலர் பொறுப்பிலே நிதியை வைத்து, கணக்கைப் பிறர் ஆராய விடுதல் வேண்டும். இன்ன காரியத்திற்கு இவ்வளவு என நோக்கத்தை வரையறுத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருமுறை அமைத்து விட்டாற் போதுமென்று கருதற்க. இந்நூற்றாண்டிலும் அவ்வறக்கட்டளையை நடாத்த இடைக்கால நிருவாகியை உயர் நீதிமன்றம் நியமிக்க நேர்ந்தமை, காவல் ஒருநாட் செயலன்று, நாடோறுஞ் செய்யுங் கடன் என்பதைக் காட்டும்.

கலாசாலையை அமைப்போர் கட்டடத்திற்குக் கல் எண்ணுமுன், அதன் நிதிக்குக் காவலரை எண்ணுவாராக. பேராசை கொண்டோரால் மட்டுமன்று, நல்லவர்தம் அசட்டையாலும் அறம் அழியும். அவ்வசட்டை நம்மிடத்து அணுகாவண்ணம் இறைவன் திருவருள் துணைசெய்வதாக.