தன்னைத் தேற்றிக்கொண்ட தாய்: பேர்ல் பக் அம்மையார்

பிறருக்கு ஒளி தரும் விளக்குக்கும் எண்ணெய் வேண்டும். எண்ணெய் வற்றிவிட்டால் திரி தன்னையே எரித்துக்கொள்ளும். பிறகு வீடும் இருளும். குழந்தைகளுக்காகத் தம் ஊணையும் உறக்கத்தையும் மறந்து உழைக்கும் தாய்மார்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுள், மனவளர்ச்சி குன்றிய குழந்தையைப் பெற்ற தாயின் சுமை தனிச் சுமை. மற்றக் குழந்தைகள் வளர வளரத் தாயின் பாரம் குறையும். இவளுக்கோ நாளுக்கு நாள் கூடும். அத்தகைய பாரத்தின் அடியில் நசுங்கி, பின்னர் மெல்ல எழுந்து நின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்குக் காண்போம். இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி பேர்ல் பக் அம்மையாரே அவர்.

இளமை

பேர்ல் 1892ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் மறைப்பணி ஆற்றிவந்தவர்கள். ஆகவே பேர்ல் கைக்குழந்தையாக இருந்தபோதே சீனாவுக்குச் சென்றார். யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஜென்ஜியாங் நகரில், சீனச் செவிலித்தாயிடம் கதை கேட்டு வளர்ந்தார். ஆங்கிலமும் சீனமும் அவருக்கு இரு கண்களாயின. கல்லூரிப் படிப்பை அமெரிக்காவில் 1914இல் முடித்துச் சீனாவுக்கே திரும்பினார். 1917இல் ஜான் லாசிங் பக் என்னும் வேளாண்மை வல்லுநரை மணந்தார். பின்னர் இருவரும் நான்கிங் நகரில் குடியேறி, அங்கே ஆசிரியப் பணி புரிந்தனர்.

காரல் பிறந்தாள்

1920 மார்ச் 4ஆம் நாள் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. காரலைன் என்று தம் தாயின் பெயரையே சூட்டி, காரல் எனச் செல்லமாக அழைத்தார் பேர்ல். கண்டவர் வியக்கும் அழகு. ஆனால் தாயின் உடல்நலம் குன்றியிருந்தது. கருப்பையில் கட்டி இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அதற்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருக்கு இனிக் குழந்தைப் பேறு இல்லை என்றாயிற்று. அடுத்த ஆண்டே, நெடுநாள் நோயுற்றிருந்த அவருடைய தாயும் காலமானார். உடல் தேறுமுன் உள்ளத்தில் ஓர் அடி. அந்த அடி ஆறுமுன் மற்றொன்று காத்திருந்தது.

காரலின் தோலில் ஓயாத படை. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்று சுற்றத்தார் ஆறுதல் கூறினர். தாயின் மனம் மட்டும் அமைதி அடையவில்லை. 1924இல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்றார். மருத்துவர் பின் மருத்துவராக ஏறி இறங்கினார். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நம்பிக்கையைச் சொல்லி அனுப்பினர்.

இறுதியில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ மருத்துவமனையில் முழுப் பரிசோதனை நடந்தது. தலைமை மருத்துவர் மென்மையாகவே பேசி அனுப்பினார். வெளியே கூடத்தில் வேறொரு மருத்துவர் அவரை நிறுத்தினார். இந்தக் குழந்தை ஒருநாளும் மற்றவர்களைப் போல் ஆகாது. வீண் நம்பிக்கையில் உடலையும் பொருளையும் கரைத்துவிட வேண்டாம். இவள் மகிழ்ச்சியாக வாழக்கூடிய ஓர் இடத்தைத் தேடுங்கள். நீங்களும் வாழுங்கள் என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். கத்தி பட்டது போன்ற சொற்கள்தாம். ஆயினும் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவரே என்று அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் அவரை நன்றியுடன் நினைத்துக்கொண்டார்.

துயரத்தின் இரு கட்டங்கள்

அதன்பின் அவர் கழித்த ஆண்டுகள் கொடியவை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தன. வீட்டைக் கவனித்தார், விருந்தினரை உபசரித்தார், வகுப்பு எடுத்தார். 1925இல் ஜானிஸ் என்னும் பெண் குழந்தையைத் தத்தெடுத்தும் வளர்த்தார். தனிமை கிடைத்தபோதோ அழுகைதான். நூல்கள் கசந்தன; இசை கசந்தது; பூக்களும் கண்ணுக்கு அழகாகத் தோன்றவில்லை. தாய் அழும்போது காரல் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள், பிறகு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தாயின் நெஞ்சை மேலும் பிளந்தது.

துயரம் உடம்பை அரிக்கும் நஞ்சு என்பதை அவர் நாளடைவில் உணர்ந்தார். தாம் தளர்ந்தால் குழந்தைக்கு யார் துணை? இந்தக் கேள்விதான் அவரை எழுப்பிற்று. மாற்ற முடியாததை மாற்ற முடியாதது என்றே ஏற்றுக்கொள்ளப் பழகினார். இது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் ஒரு நூலைச் சற்று நேரம் படித்தார். தோட்டத்துப் பூவைக் கொய்து மேசையில் வைத்தார். மறுபடியும் இசை கேட்டார். இவை சிறு செயல்களே. ஆனால் நோயாளிக்குக் கஞ்சி எப்படியோ, வாடிய மனத்துக்கு இவை அப்படி.

வியர்த்த கை

இதற்கிடையே குழந்தைக்கு எழுத்தறிவிக்க அவர் அரும்பாடு பட்டார். காரலும் சில எளிய சொற்களைப் படிக்கத் தொடங்கினாள். ஒருநாள் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது மகளின் கையைப் பற்றினார். அந்தச் சின்னஞ்சிறு கை வியர்வையில் நனைந்திருந்தது. மற்றொரு கையையும் விரித்துப் பார்த்தார், அதுவும் ஈரம். தனக்கு விளங்காத ஒன்றை, தாய் மகிழவேண்டும் என்ற ஒரே ஆசையால், அந்தப் பிஞ்சு உள்ளம் முழுப் பலத்தையும் திரட்டிச் செய்துகொண்டிருந்தது! அம்மையார் அன்றே புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டார். மகளும் களைத்தாள், தாமும் களைத்தோம். இது யாருக்காக என்று தம்மையே கேட்டுக்கொண்டார். காரலுக்கு இசை என்றால் உயிர். இசைத்தட்டு சுழலும்போது மெய்ம்மறந்து கேட்பாள். அவளுக்கு எது இன்பமோ அதையே தருவது என்று தாய் முடிவு செய்தார்.

பிரிவு

1927 மார்ச்சில் நான்கிங் நகரில் பெருங்கலவரம் மூண்டது. அயல்நாட்டவர் தாக்கப்பட்டனர். பக் குடும்பத்தார் ஓர் ஏழைச் சீனப் பெண்ணின் குடிசையில் மணிக்கணக்காக ஒளிந்திருந்து உயிர் தப்பினர். தாம் இறந்தால் காரலின் கதி என்ன என்ற அச்சம் அதன்பின் தாயை விட்டு நீங்கவில்லை.

1929இல் அமெரிக்காவில் பல விடுதிகளைத் தாமே நேரில் சென்று பார்த்தார். கட்டடத்தின் அழகை அவர் பார்க்கவில்லை. அங்கிருந்த குழந்தைகளின் முகத்தைப் பார்த்தார். நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லண்டு பயிற்சிப் பள்ளியில் குழந்தைகள் அச்சமின்றி ஓடி விளையாடினர். படிப்பைவிட மகிழ்ச்சியை முதலில் வைத்த பள்ளி அது. ஒன்பது வயது காரலை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய நாள் தம் வாழ்வின் மிகக் கடினமான நாள் என்று அவர் கருதினார். தாய் மகளைக் கைவிட்டாளோ என்று உலகம் கேட்கலாம். கைவிடவில்லை. தமக்குப் பின்னும் அவளுக்கு ஒரு வீடு இருக்கவேண்டும் என்றே இதைச் செய்தார். காரல் அங்கேயே பல்லாண்டு வாழ்ந்து, தாய் மறைந்த பின் 1992இல் காலமானாள்.

எழுத்து தந்த நலம்

மகள் இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடந்தது. நான்கிங் வீட்டின் மாடி அறையில் அமர்ந்து அம்மையார் எழுதத் தொடங்கினார். 'நல்ல நிலம்' என்னும் புதினம் அவ்வாறு பிறந்தது. சீன உழவன் ஒருவனின் கதை அது. அதில் பேச்சு வராத, அறிவு வளராத ஒரு பெண் குழந்தை வருகிறாள். தந்தை அவளைக் கடைசிவரை பரிவோடு காக்கிறான். 1931இல் வெளிவந்த அந்நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது. 1932இல் புலிட்சர் பரிசையும், 1938இல் அம்மையாருக்கு நோபல் பரிசும் வந்தன. எழுத்து அவருடைய மனப்புண்ணை ஆற்றிற்று. மகளின் செலவுக்கும் வழி காட்டிற்று. வைன்லண்டு பள்ளிக்கும் அவர் பொருளுதவி செய்தார்.

அந்நாளில் இத்தகைய குழந்தைகளை வெட்கப்பட்டு மறைத்து வைத்தவர் பலர். அம்மையாரும் நெடுநாள் வாய் திறக்கவில்லை. 1950இல் 'என்றும் வளராத குழந்தை' என்ற சிறு நூலில் அனைத்தையும் எழுதிவிட்டார். தம்மைப் போன்ற பெற்றோர்கள் தனித்து அழக்கூடாது என்பதே நோக்கம். அதற்கு முந்தைய ஆண்டில், எவரும் தத்தெடுக்க முன்வராத ஆசியக் கலப்பினக் குழந்தைகளுக்காக 'வெல்கம் ஹவுஸ்' என்ற அமைப்பையும் நிறுவியிருந்தார்.

காரலின் குறைக்குக் காரணம் பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறு. உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியை உடல் செரித்துப் பயன்படுத்த இயலாமல், அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் 1934இல் இதைக் கண்டறிந்தார். அப்போது காரலுக்கு வயது 14, காலம் கடந்துவிட்டது. 1960களில், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் இதை அறியும் முறை பரவிற்று. உடனே கண்டறிந்து தக்க உணவு கொடுத்தால் குழந்தை நன்றாகவே வளரும். எனவே இது தாயின் குற்றமுமன்று, பாவத்தின் தண்டனையுமன்று.

1973 மார்ச் 6ஆம் நாள் தம் 80ஆம் வயதில் பேர்ல் பக் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கற்பது

எல்லாத் தாய்மாரும் குழந்தையை விடுதியில் சேர்க்கவேண்டும் என்பதன்று இவ்வரலாற்றின் கருத்து. இன்று வீட்டிலிருந்தே சென்று வரும் சிறப்புப் பள்ளிகள் உண்டு; பயிற்சிகள் உண்டு. அம்மையார் கற்றுத் தருவது வேறு. உண்மையை ஏற்றுக்கொள்வது, சுமையைப் பகிர்ந்துகொள்வது, தன் உடலையும் உள்ளத்தையும் பேணுவது ஆகிய மூன்றும் தன்னலம் அல்ல. குழந்தைக்குச் செய்யும் தொண்டே.

பெற்றோர்களே, இரவில் உறங்குங்கள், வேளைக்கு உண்ணுங்கள், உங்கள் நோயையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அன்புத் தோழியரே, உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாய் இருக்கலாம். பள்ளி விட்டதும் அவ்வீட்டுக்குச் சென்று, அந்தக் குழந்தையோடு ஒரு மணி நேரம் விளையாடுங்கள். அந்தத் தாய் சற்றுக் கண்ணயரட்டும். வற்றும் விளக்குக்கு நாம் வார்க்கும் எண்ணெய் அதுவே.