நிலமும் நிழலும் தந்த அம்மையார்

சட்டசபைக்குச் செல்பவர் பலர்; தாம் இயற்றும் சட்டத்தால் விடுதலை பெறுவோரின் வயிற்றையும் எண்ணியவர் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்ணுக்குப் படிப்பு ஏன் என்று கேட்ட காலத்தில், 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் அமர்ந்தார், துணைத் தலைவருமானார்.

அங்கே அவர் எதிர்த்தது எதை? கோவிலின் பெயரால் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை! சாத்திரம் என்றனர் சிலர். கலை அழியும் என்றனர் சிலர். அசரவில்லை அம்மையார்.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அப்பெண்களில் பலருக்குச் சோறிட்டது கோவில் மானிய நிலம். ஊழியத்தை விட்டால் நிலம் போகும். நிலம் போனால் அடுப்பு அணையும். எனவே, அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டம் ஊழியத்தை நீக்கியது; நிலத்தையோ அவர்களிடமே விட்டது. விலங்கு ஒடிந்தது, வயல் நிலைத்தது!

1930இல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டே, காந்தியார் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். பதவி போயிற்று, பணி போகவில்லை. அடைக்கலம் தேடிய பெண்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. அம்மையார் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். ஔவை இல்லம் பிறந்தது!

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று முழங்கினர். 1947இல் தடை சட்டமாயிற்று. 1968இல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார்.

மசோதா எழுதுவது எளிது. விடுதலை பெற்றவர் மறுநாள் எங்கே உண்பார், எங்கே உறங்குவார் என்று கேட்பவரே மக்களின் பிரதிநிதி!