சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 - 1995)

விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை கண்ட சந்திரசேகர், வானியற் பௌதிகவியலில் உலகப் புகழ் பெற்ற தமிழராவார். 1910 ஒக்டோபர் 19 ஆம் திகதி லாகூரில் பிறந்தார். 1930 இல் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன் இவரது சிறிய தந்தையார். (விடை எழுதும்போது இருவரையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

சென்னை மாநிலக் கல்லூரியில் கற்ற இவர், 1930 யூலை 31 ஆம் திகதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது 19. பயணத்தின்போதே ஒரு கணக்கைச் செய்து பார்த்தார். சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருள் தீர்ந்ததும் சுருங்கி வெண்குள்ளனாகிறது. தை, மாசி இரவுகளில் ஹந்தானை மலைக்கு மேலாகப் பளிச்சிடும் சீரியஸ் விண்மீனுக்கும் அத்தகைய துணை ஒன்றுண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எல்லா விண்மீன்களும் இவ்வாறே அடங்கிவிடும் என அறிஞர் கருதியிருந்தனர். சந்திரசேகரின் கணக்கோ வேறு விடையைத் தந்தது. இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அவற்றின் அமுக்கம் ஈர்ப்பைத் தாங்கப் போதாது. எனவே சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட வெண்குள்ளன் நிலைத்திருக்க முடியாது.

1935 சனவரி 11 ஆம் திகதி இலண்டனில் வானியற் கழகக் கூட்டத்தில் இதனை விளக்கினார். அடுத்துப் பேசிய சேர் ஆதர் எடிங்டன் அதனைச் சபையிலேயே எள்ளி நகையாடினார். எடிங்டன் அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர். கேம்பிரிட்ஜில் இவருடன் பலமுறை உரையாடியவர். சந்திரசேகரின் கணக்கே சரியென்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட பெரிய பௌதிகவியலாளர்களும் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. கேலியைவிட அந்த மௌனமே கொடியது எனலாம். 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 1939 இல் விண்மீன் அமைப்புப் பற்றிய நூலை வெளியிட்டுவிட்டு வேறு துறைக்கு மாறினார். நோபல் பரிசு 1983 இலேதான் கிடைத்தது. 1995 ஓகஸ்ட் 21 இல் காலமானார்.

1999 யூலை 23 இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கிக்கு இவர் நினைவாகச் ‘சந்திரா’ எனப் பெயரிட்டனர். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூடிய கொத்துகளில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்துள்ளது. அதன் எக்ஸ் கதிர்ப் படத்தைக் கொண்டு கொத்தின் திணிவைக் கணிக்கலாம். இத்திணிவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத பொருளாகையால் கணிப்பது எளிதன்று. இதற்கு இப்போது இயந்திரக் கற்றலும் பயன்படுகின்றது. திணிவு தெரிந்த கொத்துகளின் படங்களைக் கணனிக்குக் காட்டிப் பழக்குவர். கடந்தகால வினாத்தாள்களை விடைகளோடு பார்த்துப் பழகியவர் புதிய வினாவுக்கு விடை எழுதுவதைப் போன்றதே இது. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், சந்திராவின் பார்வையில் தெரியக்கூடியவாறு கணனியில் உருவாக்கிய படங்களே பயிற்சிக்குப் பயன்பட்டன.